நவம்பர் கடைசியில் லண்டனும் எடின்பரோவும்: எதை உடுத்துவது, எதை எடுத்துவைப்பது

கேட்டிருப்பது இதுதான்: பள்ளி விடுமுறையில், நவம்பர் கடைசி வாரம், சிங்கப்பூரிலிருந்து நால்வர் போகிறீர்கள். லண்டனில் ஆறு நாள், எடின்பரோவில் மூன்று நாள். கணவன், மனைவி, ஏழு வயது மகன், சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்தாத 68 வயது அம்மா. யாரும் இதற்குமுன் குளிர் நாட்டுக்குப் போனதில்லை. "நால்வருக்கும் தடிமனான, பறவைத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட் வாங்கிவிட்டால் போதுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்கு அடியில், அம்மாவும் பிள்ளையும் தாங்குவார்களா என்ற கவலை இருப்பது தெரிகிறது. முதல் வரிக்குப் பதில்: போதாது, அவ்வளவு தடிமன் தேவையும் இல்லை. இரண்டாவதற்குப் பதில்: தாங்குவார்கள், கால் நனையாமல் இருந்தால்.

முதலில் எண்கள். நவம்பர் கடைசியில் லண்டனில் பகலில் 9 முதல் 11 டிகிரி, இரவில் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். எடின்பரோவில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. உறைபனி ஊர் அல்ல இது. சிங்கப்பூர் வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் காய்கறி வைக்கிறோமே, ஏறக்குறைய அந்தக் குளிர். ஆனால் குளிர்பெட்டிக்குள் காற்றும் மழையும் கிடையாது. 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் முகத்துக்கு அது 0 டிகிரி போலத்தான் படும். எடின்பரோ கோட்டைக்கு முன்னால் இருக்கும் திறந்த வெளியில் அந்தக் காற்று சர்வ சாதாரணம். நம் பழந்தமிழ்ப் பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கூதல் என்று ஊரில் சொல்வது அதோடு ஒட்டிய சொல்தான். ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர் அது. உங்கள் பயணமும் கார்த்திகையில்தான் வருகிறது, பெயர் அங்கும் பொருந்தும்.

மழையைப் பற்றி நம்மூர்க்காரர்கள் தப்புக்கணக்குப் போடுவது வழக்கம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டரை ஒட்டி மழை, லண்டனில் சுமார் 600 தான். "மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே, இதற்கா பயப்படுவது" என்று தோன்றும். நம் மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ கடை முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையிலோ ஒதுங்கி நின்றால் முடிந்தது. நனைந்தாலும் அரை மணியில் உடம்பிலேயே காய்ந்துவிடும். அங்கே பெய்வது காலையில் தொடங்கி மாலைவரை விட்டுவிட்டு நசநசக்கும் தூறல். குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் அளவுதான் இருக்கும்; அப்படி யோசித்துக்கொண்டே நடப்பதில்தான் முழங்கால்வரை நனைந்திருக்கும். 8 டிகிரியில் நனைந்த துணி தானாகக் காயாது. காய்வதற்கு வேண்டிய சூட்டின் பெரும்பகுதியை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஜீன்ஸ் அரை லிட்டர் தண்ணீர் குடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் ஆவியாக ஏறக்குறைய 290 கிலோகலோரி வேண்டும், ஒரு கிண்ணம் சோற்றுக்கும் மேல். அதனால்தான் ஜீன்ஸ் வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பருத்தி பொதுவாகவே வேண்டாம், உள்ளே போடும் பருத்திப் பனியன் உட்பட.

இப்போது டவுன் ஜாக்கெட். வாத்து, கூஸ் இறகின் அடியில் இருக்கும் மென்தூவிதான் டவுன். அது உப்பிக்கொண்டு காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் சூடு. நனைந்தால் கோழி இறகுபோலச் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். உப்பல் போனதும் சூடும் போய்விடும், ஹோட்டல் அறையில் ஒரே இரவில் காயவும் காயாது. அடுத்து, லண்டனில் நீங்கள் ஒரு நாளில் பத்துத் தடவை உள்ளேயும் வெளியேயும் போய்வருவீர்கள். கடைகள், அருங்காட்சியகங்கள், உணவகங்கள் எல்லாம் 20 டிகிரிக்கு மேல் சூடேற்றப்பட்டிருக்கும். ஆழத்தில் ஓடும் பழைய பாதாள ரயில் தடங்களில் குளிர்சாதனம் கிடையாது, நவம்பரிலும் புழுங்கும். தடித்த ஜாக்கெட்டோடு அதில் இருபது நிமிடம் நின்றால் முதுகு வேர்த்துவிடும். அந்த வேர்வையோடு வெளியே வந்தால் கூதல் உள்ளேயிருந்து பிடிக்கும். ஆகவே, ஒன்றின்மேல் ஒன்றாகக் கழற்றிப் போடக்கூடிய மூன்று மெல்லிய உடுப்பு, தடித்த ஒன்றைவிட நல்லது: உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் மெத்தென்ற செயற்கை இழை மேற்சட்டையான ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் மழை புகாத ஜாக்கெட். எடின்பரோவுக்காக, மடித்தால் கைப்பிடி அளவாகும் மெல்லிய பஞ்சு ஜாக்கெட் ஒன்றை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மழை ஜாக்கெட்டுக்கு உள்ளே போட வேண்டும். டவுனாக இல்லாமல் செயற்கைப் பஞ்சாக இருந்தால் ஈரத்தில் அவ்வளவாகக் கைவிடாது.

அந்த வெளி ஜாக்கெட்டில்தான் ஏமாறுகிறார்கள். லேபிளில் நீர் எதிர்ப்பு என்று இருந்தால் பத்து நிமிடத் தூறலுக்கு மட்டும் ஆகும். நீர் புகாதது என்று இருக்க வேண்டும், கூடவே ஓர் எண்: 5,000 மில்லிமீட்டர் என்றால் லண்டன் தூறலுக்குச் சமாளிக்கும், 10,000 என்றால் எடின்பரோவுக்கும் பயமில்லை. துணிமேல் அத்தனை உயரத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்பது அந்த எண்ணுக்குப் பொருள். முதுகுப்பையின் வார் அழுத்தும் தோளில்தான் முதலில் கசியும் என்பதால் எண் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. எண்ணைவிட முக்கியம் தையல். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையல் கோட்டின் மேலும் ஒரு விரல் அகலத்தில் பளபளப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். தோளில் மட்டும் ஒட்டிவிட்டு அக்குளிலும் பையடியிலும் விட்டிருந்தால், ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழி. தலைமூடி பின்னாலிருந்து இழுத்து இறுக்கக்கூடியதாக, நெற்றிக்கு மேல் சிறு விளிம்போடு இருக்கட்டும். நீளம் இடுப்பைத் தாண்டி இறங்கட்டும், இல்லையென்றால் வழியும் தண்ணீர் நேரே தொடையில் விழும்.

வாங்கியதை வீட்டுக் குளியலறையிலேயே சோதித்துவிடலாம். வெளிர் சாம்பல் நிற டி-ஷர்ட்டைப் போட்டு, அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டி, தலைமூடியும் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கையைத் தூக்கி இறக்குங்கள், திரும்பி நில்லுங்கள். வெளியே வந்து கழற்றிப் பார்த்தால் கசிந்த இடம் சாம்பல் துணியில் கறுப்பாகத் தெரியும். ஜிப் ஓரமாக நெஞ்சில் ஒரு கோடு, கழுத்தில் ஒரு வட்டம் என்றால் பரவாயில்லை. தோளிலோ முழங்கையிலோ திட்டுத்திட்டாக இருந்தால் ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மேல்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக நின்று உருண்டால் நல்லது. முத்தாக நிற்காமல் துணி நிறம் மாறி ஊறினால், உள்ளே கசியாவிட்டாலும் ஜாக்கெட் கனத்துக் குளிரும். பழைய ஜாக்கெட்டில் இப்படி ஆனால், லேபிள் அனுமதித்தால், உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் சுழலவிடுங்கள், தண்ணீரை உருட்டிவிடும் மேல்பூச்சு பெரும்பாலும் மீண்டும் வேலைசெய்யும். துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் அந்தப் பூச்சு கெட்டுவிடும்.

பழைய ஜாக்கெட் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். யாரிடமாவது குளிர் உடுப்பும் பூட்ஸும் இரவல் வாங்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் நம்மூர்ப் புழுக்கம் எதை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பல பூட்ஸ்களில் அடித்தட்டுக்கும் மேல்தோலுக்கும் நடுவே இருக்கும் மெத்தை பாலியூரித்தேன் என்ற பொருள். காற்றிலுள்ள ஈரம் அதைச் சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டே இருக்கும். போட்டு நடந்தாலாவது கொஞ்சம் பிழைக்கும். ஸ்டோர் ரூமில் பெட்டிக்குள் நான்கைந்து ஆண்டு கிடந்தால் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும்; அங்கே போய் இரண்டாம் நாள் நடக்கும்போது ஈரக் கேக்போல உதிர்ந்து அடித்தட்டு வாய்பிளக்கும். மெத்தைப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய குழி திரும்பாவிட்டாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, மாவாகக் கையில் ஒட்டினாலோ அதை நம்ப வேண்டாம். அதில் தேறினாலும், போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து, படியேறி இறங்கிப் பார்த்துவிடுங்கள். ஜாக்கெட்டிலும் இதே கதைதான். உள்பூச்சு பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உதிர்ந்து, புளித்த வாடை அடித்தால் அதன் நீர்காப்பு முடிந்தது. துவைத்தால் இன்னும் மோசமாகும். கம்பளியில் பூச்சித் துளையும் பூஞ்சைப் புள்ளியும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

செலவில் முதலிடம் காலுக்குத்தான். நீர் புகாத, கணுக்கால் மூடும், நன்றாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடியுள்ள பூட்ஸ் ஆளுக்கொரு ஜோடி. விளையாட்டு ஷூவின் வலைத்துணி வழியாகத் தண்ணீர் முதல் பத்து நிமிடத்தில் உள்ளே வந்துவிடும், அதோடு அன்றைய நாள் முடிந்தது. எடின்பரோவின் பழைய நகரத் தெருவான ராயல் மைல் சரிவெங்கும் கல் பாவியது, நனைந்தால் வழுக்கும். லண்டன் நடைபாதையில் உதிர்ந்து மிதிபட்ட மர இலைகள் வாழைப்பழத் தோல் மாதிரி. அம்மாவுக்கு அடி வழவழப்பான, அழகான தோல் காலணி வாங்கிவிடாதீர்கள். வாங்கும்போது அங்கே போடப்போகும் கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு, சாயங்கால நேரத்தில் அளவு பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குளிருமே என்று இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரு கம்பளிக் காலுறையும் கொஞ்சம் காற்றும்தான் சூடு. ஆளுக்கு நான்கு ஜோடி போதும், அதில் ஒரு ஜோடி எப்போதும் கைப்பையில் ஜிப் பைக்குள். ஹைகேட் ஹில் முருகன் கோவிலுக்கோ ஈஸ்ட் ஹாம் முருகன் கோவிலுக்கோ போவதாக இருந்தால் இந்த உபரி ஜோடியின் அருமை வாசலில் காலணியைக் கழற்றும்போது தெரியும். பூட்ஸில் கயிறும் இருந்து பக்கவாட்டில் ஜிப்பும் இருந்தால் அம்மாவுக்குக் குனிந்து நிமிரும் வேலை மிச்சம். தொப்பி, கையுறை எல்லாம் அங்கே போய்க்கூட வாங்கலாம். பூட்ஸை மட்டும் இங்கேயே வாங்கி, புறப்படுமுன் ஒரு வாரமாவது போட்டுப் பழக வேண்டும்.

இனி அம்மாவின் சேலை. "சுடிதார் போடச் சொல்லுங்கள்" என்று பலர் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை ஒன்பது நாளுக்காக மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. சேலையிலும் அங்கே நன்றாகவே நடமாடலாம். சேலையின் பலவீனம் மூன்று இடத்தில்தான்: தரையைத் தொடும் கரை, இடுப்பு, இரண்டு காலுக்கும் நடுவே புகும் காற்று. கரையிலிருந்து தொடங்குவோம். சேலையின் உள்விளிம்பில் மூன்று நான்கு அங்குல அகலத்தில் ஃபால்ஸ் அடித்திருப்பார்கள். அது பெரும்பாலும் பருத்தி. தெருவில் தேங்கிய ஈரத்தை விளக்குத்திரி எண்ணெய் குடிப்பதுபோல அதுதான் முதலில் உறிஞ்சி மேலே ஏற்றும். உள்பாவாடையும் பருத்தி என்றால் ஈரம் அதன் வழியே முழங்கால்வரை ஏறிவிடும். எனவே கொண்டுபோகும் மூன்று நான்கு சேலையும் செயற்கை இழையில் நெய்த ஜார்ஜெட், கிரேப் போன்றவையாக, ஃபால்ஸ் இல்லாததாகவோ பாலியெஸ்டர் ஃபால்ஸ் அடித்ததாகவோ இருக்கட்டும். உள்பாவாடையும் பாலியெஸ்டரில். பட்டு நனைந்தால் திட்டு விழும், கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, கோவிலுக்கு மட்டும். பருத்திச் சேலையை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

கட்டும் முறையிலும் ஒரு மாற்றம் உண்டு. முதலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதன்பிறகு சேலை கட்ட வேண்டும். கரை கணுக்கால் எலும்புக்கு மேலே, வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் தூக்கி நிற்கட்டும். பூட்ஸின் கழுத்து அந்த இடைவெளியை மறைத்துவிடும். கொசுவத்தை வழக்கமான இடத்தில் ஓர் ஊக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாக இன்னோர் ஊக்கு குத்தினால் காற்றில் பிரியாது. பாவாடைக்கு உள்ளே இடுப்புக்கு மேலேவரை ஏறும் தெர்மல் லெக்கிங்ஸ். மேலே முழுக்கை தெர்மல். அதன்மேல் ரவிக்கை போடலாம், அல்லது கழுத்து மூடிய மெல்லிய கம்பளி மேற்சட்டையையே ரவிக்கையாக வைத்துக் கட்டலாம். இடுப்பு இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். புறப்படுமுன் வீட்டில் ஒரு தடவை இப்படிக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ரவிக்கை கை இறுக்கினால் பிரித்துத் தைக்க நேரம் இருக்கும். வெளியே, முழங்காலுக்குக் கீழே இறங்கும் மழைக் கோட்டு, பின்னால் வெட்டு உள்ளதாக. முந்தானையை முன்னால் சுற்றி இடுப்பில் செருகிவிட்டுக் கோட்டைப் பூட்ட வேண்டும், வெளியே தொங்கும் முந்தானை நனைந்த கொடியாகிவிடும். கையில்லாமல் போர்வைபோல மாட்டும் பொன்சோ வேண்டாம், காற்றில் குடைபோல மேலே புரளும். லண்டன் பாதாள ரயில் நிலையங்களின் எஸ்கலேட்டர்கள் மிக நீளமானவை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கையால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: காய்ந்த காற்றில் செயற்கைத் துணியும் தெர்மலும் உரசி மின்னேற்றம் வரும், சேலை காலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையில் துளி கிரீம் தேய்த்து உள்பாவாடையின் மேல் ஒரு தடவை தடவினால் விட்டுவிடும்.

தெர்மலைப் பற்றிச் சுருக்கமாக. யுனிக்லோ கடையின் ஹீட்டெக் வகை இங்கே எளிதில் கிடைக்கும். நகரத்தில் நடந்து திரும்ப அது போதும். சாதாரணம், எக்ஸ்ட்ரா வார்ம், அல்ட்ரா வார்ம் என்று மூன்று தடிமன் உண்டு. லண்டனுக்குச் சாதாரணம், அம்மாவுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா. அல்ட்ரா வாங்கினால் ரயிலில் வேர்க்கும். அந்தத் துணியில் ரேயான் இருப்பதால் வேர்த்தால் ஈரத்தைச் சீக்கிரம் விடாது. மெரினோ கம்பளி விலை அதிகம், ஆனால் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரமாகத் தெரியாது, நாலைந்து நாள் போட்டாலும் நாறாது. உடலில் பட்டால் அரிக்கும் என்பவர்களுக்கு அது சரிவராது. ஆளுக்கு மேலே மூன்று, கீழே இரண்டு. கால்சட்டைக்கு, நைலான் கலந்த, சீக்கிரம் காயும் துணியில் இரண்டு. ஃபிளீஸ் ஒன்று, மெல்லிய பஞ்சு ஜாக்கெட் ஒன்று, மழை ஜாக்கெட் ஒன்று. ஒன்பது நாளுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. டெகத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தேக்காவில் முஸ்தபாவிலும் காலுறை, தொப்பி வகைகளைப் பார்க்கலாம்.

பிள்ளைக்கு இரண்டு விஷயம் வேறு. ஏழு வயதுக்காரன் தண்ணீர்க் குட்டையைச் சுற்றிப் போகமாட்டான். கால்சட்டைக்கு மேல் மாட்டும் நீர் புகாத கால்சட்டை ஒன்றும், முழு மாற்று உடுப்பு ஒரு செட்டும் உங்கள் முதுகுப்பையில் தினமும் இருக்கட்டும். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நிச்சயம் தொலையும். அடுத்த வருஷமும் ஆகுமே என்று மூன்று அளவு பெரிய ஜாக்கெட் வாங்கினால் கீழேயிருந்து காற்று புகுந்து சூடே நிற்காது, ஓர் அளவு கூட்டினால் போதும். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். அந்த வாரத்தில் லண்டனில் மாலை 4 மணிக்குச் சூரியன் மறையும், எடின்பரோவில் 3.45-க்கே. கறுப்புக் கோட்டுக் கூட்டத்தில் மஞ்சள் ஜாக்கெட் கண்ணில் படும். அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவன் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், பிள்ளைகள் வேர்ப்பதைச் சொல்லமாட்டார்கள்.

தலைவழியாகத்தான் உடம்புச் சூட்டில் பாதி போகிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. மற்ற இடங்களைப் போலத் தன் பரப்பளவுக்கு ஏற்றபடிதான் தலையும் சூட்டை இழக்கும். தொப்பி வேண்டியது காதுக்காக. காது மூடும் கம்பளித் தொப்பி, கழுத்துக்கு இழுத்துவிடும் வளையத் துணி இரண்டும் போதும். நீளமான ஸ்கார்ஃப் எஸ்கலேட்டரிலும் கதவிலும் மாட்டும். குடையை லண்டனுக்கு எடுத்துப் போங்கள். கண்ணாடியிழைக் கம்பியும் காற்று போக மேலே திறப்பும் உள்ள சிறுகுடை ஆளுக்கொன்றாக இல்லாமல் இரண்டு பேருக்கு ஒன்று. எடின்பரோவில் பிரித்தால் பெரும்பாலும் முதல் முனையிலேயே மடங்கிப்போகும், அங்கே தலைமூடிதான் குடை.

உடல்நலத்தில் பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். குளிரில் ரத்த அழுத்தம் சற்று ஏறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சைப் பிடிக்கும். அம்மாவுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் புறப்படுமுன் அவருடைய மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதை இணையத்தில் யாரும் சொல்ல முடியாது. நீரிழிவு இருந்து பாதம் மரத்திருந்தால், ஒட்டும் சூட்டுப் பட்டைகளையும் வெந்நீர்ப் பையையும் காலில் வைக்கவே கூடாது. பட்டை 50 டிகிரியைத் தாண்டும். மரத்த காலுக்கு அது தெரியாமலேயே வெந்துவிடும். மற்றவர்களும் அதை உள்சட்டையின் மேல்தான் ஒட்ட வேண்டும், தோலில் இல்லை, தூங்கும்போதும் இல்லை. சில்லிட்ட காலோடு அறைக்கு வந்ததும் நேரே ஹீட்டருக்கு முன்னால் நீட்டாதீர்கள். சிலருக்கு விரல்கள் சிவந்து வீங்கி நாள் கணக்கில் அரிக்கும். காய்ந்த காலுறையைப் போட்டுப் போர்வைக்குள் வைத்தால் போதும். உதடும் கையும் இரண்டாம் நாளே வெடிக்கும், சூடேற்றிய அறையின் காற்று அவ்வளவு காய்ந்திருக்கும். வேசலின் களிம்பு ஒரு சிறு டப்பா கைப்பையில். தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் வாயகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், குறுகிய வாய்ப் பாட்டிலிலிருந்து வெளியே வராது.

சாங்கி விமான நிலையத்தில் சாதாரண உடுப்போடு ஏறுங்கள். பூட்ஸ் காலில், மழை ஜாக்கெட்டும் ஃபிளீஸும் கையில், ஆளுக்கு ஒரு தெர்மல் கைப்பெட்டிக்குள். பெட்டி ஒருநாள் தாமதித்து வந்தாலும் அதை வைத்து லண்டனில் சமாளித்துவிடலாம். இன்னொரு நல்ல செய்தி: சிங்கப்பூரின் மூன்று முனைப் பிளக்கும் 230 வோல்ட் மின்சாரமும்தான் அங்கும், மாற்றுப் பிளக் வேண்டாம். பெட்டிகளைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பல பாதாள ரயில் நிலையங்களில் மின்தூக்கி கிடையாது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ வேவர்லி நிலையத்துக்குப் போகும் நாலரை மணி நேர ரயிலிலும் பெட்டியை நீங்களேதான் தூக்கி வைக்க வேண்டும், அம்மாவின் பெட்டியையும் சேர்த்து.

அறையில் துணி காயவைப்பது ஒரு தனி வேலை. துவைத்த தெர்மலைப் பிழிந்து, உலர்ந்த துண்டின் மேல் விரித்து, பாய்போலச் சுருட்டி அதன்மேல் ஏறி நின்றால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு நாற்காலி முதுகில் போட்டால் காலைக்குள் காயும். பூட்ஸ் நனைந்தால் உள்ளட்டையை உருவித் தனியே வைத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். ஹீட்டரின் மேல் ஏற்றினால் பசை விட்டுத் தோல் வெடிக்கும். மின்சார ஹீட்டரின் மேல் துணி போடுவது தீப்பிடிக்கும் வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. அந்த வாரத்தில் எந்த நாள் மழை, எந்த நாள் வெயில் என்பது அப்படி இல்லை. ஐந்து நாளுக்கு முந்தைய முன்னறிவிப்பைப் பார்த்துப் பெட்டியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். லண்டனில் நவம்பரில் பனி விழுவது அபூர்வம், எடின்பரோவில் விழுந்தாலும் நகரத்துக்குள் பெரும்பாலும் நிற்காது, ஆனால் இரண்டையும் அடியோடு மறுக்க முடியாது. ஒருவருக்குத் தாங்கும் குளிர் இன்னொருவருக்குத் தாங்காது என்பதும் உண்மை, அதிலும் வயதானவர்களுக்கு நடுக்கம் தாமதமாகத் தெரியும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு பிரிட்டிஷ் வானிலை நிலையமான மெட் ஆஃபீஸின் எடின்பரோ பக்கத்தில் வெப்பநிலையை விட்டுவிட்டுக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். அங்கே மைலில் போட்டிருப்பார்கள். மணிக்கு 30 மைலுக்கு மேல் இருந்தால், அம்மாவுக்கு எடுத்துவைத்த மெல்லிய பஞ்சு ஜாக்கெட்டோடு இன்னொரு ஃபிளீஸையும் பெட்டியில் சேருங்கள். கோட்டையைக் காற்று குறைவாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.